ஈரத் தலையோடு வந்த கூட்டம்

இன்று காலை திருநள்ளாறு வழியாக வந்த பேருந்தில் ஒரு பெண் கூடையில் நல்லெண்ணெய் புட்டிகளோடு ஏறினாள். ஒன்று கசிந்திருக்க வேண்டும். வண்டி முழுக்க எள் வாசனை. அந்த வாசனை வந்தால் எனக்குச் செய்தித்தாள்தான் நினைவுக்கு வரும். இதை யாரிடம் சொன்னாலும் புரியாது. புரிந்துகொண்டு சிரிக்கக்கூடிய நீயோ போய்ச் சேர்ந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது.

எழுபதுகளின் கடைசி. காரைக்கால் பள்ளியில் நீ அறிவியல் ஆசிரியை, நான் தமிழாசிரியை. எனக்கு இன்னும் பணி நிரந்தரம் ஆகியிருக்கவில்லை. ஒரு நாள் காலை மணி அடிப்பதற்குள் ஆசிரியர் அறைக்குள் ஓடி வந்து, பத்திரிகையை என் மேசையில் விரித்தாய்.

"ஏய், இது நீதானடி?"

முதல் பக்கத்தில் பெரிய படம். மேலே கை உயர்த்திப் பேசும் தலைவர். கீழே கடல் மாதிரி கூட்டம். தலைகளுக்கு நடுவே கட்சிக் கொடிகள். முந்தின வாரம் நம் ஊர்த் திடலில் நடந்த பொதுக்கூட்டம் என்று போட்டிருந்தது. முன்வரிசையில், சுண்டைக்காய் அளவு முகத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் அம்மா.

அந்தக் கூட்டத்தின் பக்கமே நான் போகவில்லை. அன்று வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உனக்கும் அது தெரியும். ஏனென்றால் கூட்டத்துக்குப் போனவள் நீ! உன் அப்பா அந்தக் கட்சியின் பழைய ஆள். கோட்டுச்சேரி வீட்டு வாசலில் கொடி, மாலையில் கட்சியின் இந்தப் பத்திரிகை, கடைசி வரி வரை வாசிப்பார். அவரோடு போய்ப் பின்னால் உட்கார்ந்து பேச்சு கேட்டுவிட்டு வந்திருந்தாய்.

மூன்றாம் நாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அரசு ஊழியர் கட்சிக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றது ஏன் என்று கல்வி அலுவலகம் விளக்கம் கேட்டிருந்தது. யாரோ படத்தை வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். தாளை உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன். உனக்கு என்னவோ கண் மின்னியது. எனக்குக் கோபம்கூட வந்தது. வேலை போகப்போகிறதே என்று நான் நிற்கிறேன், நீ ஆய்வகத்துப் பூதக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாய்.

மாலை வகுப்புகள் முடிந்து எல்லோரும் போன பிறகு சன்னல் ஓரத்தில் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நீ ஓரத்திலிருந்து தொடங்கினாய். "நடுவுல எல்லாரும் பாப்பாங்க, அதனால தப்பு ஓரத்துலதான் இருக்கும்" என்றாய். கண்ணாடியை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாய்.

"உன் தலை ஈரமா இருக்குடி. நுனியில முடிச்சு போட்டிருக்கே. உங்க அம்மாவும் அப்படித்தான். இந்தப் பெரியவரைப் பாரு, இடுப்புல ஈர வேட்டி. கட்சிக் கூட்டத்துக்கு யாராச்சும் தலைக்குக் குளிச்சுட்டு வருவாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில மாதங்களுக்கு முன் சனிப்பெயர்ச்சி. கல்யாணம் தள்ளிப்போகிறதே என்று அம்மா என்னைத் திருநள்ளாற்றுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். விடிகாலை மங்கல் வெளிச்சத்தில் எண்ணெய் தேய்த்து நளதீர்த்தக் குளத்தில் முழுகிவிட்டுக் கரையேறி நின்ற கூட்டம் அது. பள்ளியில் யாருக்கும் சொல்லவில்லை, உனக்குக்கூட. நீ அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் சிரித்துவிட்டு, மறுபடி குனிந்தாய்.

"இந்தப் பெரியவரு துண்டு எடப்பக்கம் பறக்குது. கொடி அத்தனையும் வலப்பக்கம் பறக்குது. ஒரே எடத்துல ரெண்டு காத்தா அடிச்சுச்சு?"

கொடிகளைத் தூரிகையால் வரைந்திருந்தார்கள்.

கல்வி அலுவலகத்துக்கு நீயும் கூடவே வந்தாய். அதிகாரி படத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஈரத் தலை சரிம்மா. ஆனா நீங்க அங்க இல்லேன்னு யாரு சொல்றது?" என்று என்னைக் கேட்டார்.

"நான் சொல்றேன் சார்" என்றாய் நீ. "நான் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இவ வரல."

நீயும் அரசுப் பள்ளி ஆசிரியைதானே! என்னைக் காப்பாற்ற வந்தவள் உன் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாய். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மேலே சுழலும் விசிறியைப் பார்த்தார்.

"டீச்சர், இந்த விசிறிச் சத்தத்துல நீங்க சொன்னது ஒண்ணும் காதுல விழல. படம் கோவில்ல எடுத்தது, அவ்வளவுதான். ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் செய்தி எப்படியோ எதிர்க்கட்சிப் பத்திரிகைக்காரருக்குப் போய்விட்டது. உன் வீட்டுக்கே வந்தார். படம் பொய் என்பதை நீ விளக்கிவிட்டு, "ஆனா கூட்டம் நல்லாவே வந்துச்சு, ஒக்கார எடமில்ல. அதையும் சேத்துப் போடுங்க" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாய். அவர்கள் போட்டது வேறு. பக்தர்களைக் கடன் வாங்கிய தலைவர், காலியாகக் கிடந்த திடல் என்று தலைப்பு. கீழே ஆளில்லாத நாற்காலிகளின் படம்.

அதற்கும் கண்ணாடியை எடுத்தாய். "நெழலு காலடியிலேயே கெடக்கு. உச்சி வெயில். கூட்டம் ஆரம்பிச்சதே பொழுது சாஞ்ச அப்புறம். பந்தல் போடுறப்பவே வந்து எடுத்துட்டுப் போயிருக்கான்!"

உன் அப்பாவிடம் இரண்டையும் காட்டினாய். அவர் கண்ணாடியை வாங்கவே இல்லை. "பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா எல்லார் மூஞ்சிலயும் குழிதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் பத்திரிகையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பல நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. அது உனக்கு வலித்தது. வெளியே சொன்னது மட்டும் வேறு: "வந்த கூட்டத்துக்கு எதுக்கு வராத கூட்டத்தப் போட்டான்? அது தெரியாம எனக்குத் தூக்கம் வராதுடி."

தூக்கம் வராமல் நீ கிடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கேள்வியை விடவில்லை. எண்பதுகளில் எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, நான் அதை மறந்தே போனேன். ஒரு தேர்தல் சமயம் கடைத்தெருவில் உன் அப்பா படிக்கும் கட்சிப் பத்திரிகையின் படக்காரரைப் பார்த்ததும், என்னையும் இழுத்துக்கொண்டு போய் நேராகக் கேட்டாய். அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"அன்னிக்கு பிளாஷ் எரியல டீச்சர். எடுத்ததெல்லாம் இருட்டு. ஆபீசுல கூட்டம் எங்கன்னு கேட்டாங்க. கூட்டம் வந்தது நெசம்தானே? அந்த நெசத்ததான் வேற படத்த வச்சுக் காட்டுனோம்."

வீடு திரும்பும் வழியில் நான்தான் அலுத்துப்போய்ச் சொன்னேன்: "ரெண்டு பத்திரிகையும் பொய். விட்டுத் தொலைடி."

நீ நின்றுவிட்டாய். "ரெண்டும் பொய்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போறது சொகமா இருக்கும். ஆனா அன்னிக்குக் கூட்டம் வந்துச்சுடி. அப்பா பக்கத்துல நான் ஒக்காந்திருந்தேன். முட்டி இடிக்கிற அளவுக்குக் கூட்டம். அத இப்ப எங்க தேடுறது?"

 

இப்போது என் மகன் கைபேசியில் எதையாவது காட்டி, "எல்லாமே பொய்ம்மா, எவனையும் நம்பாதே" என்பான். "சரி, அப்ப என்னதான் நடந்துச்சு?" என்று கேட்பேன். எரிச்சலாக முறைப்பான். நான் விடுவதில்லை. அவன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தேட ஆரம்பிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.