ஏலத்தில் எடுத்த கோழி

ஆரம்பாக்கம்
வியாழக்கிழமை

மகன் பென்னிக்கு நைனா எழுதுவது,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நீயும் மெர்சியும் கத்தாரில் சுகமாகத்தான் இருப்பீர்கள், சுகத்துக்குத்தானே போனீர்கள். மெர்சிக்கு எட்டாம் மாதம், படி ஏறும்போது பார்த்து ஏறச் சொல், இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வேளையும் விட வேண்டாம் என்று சொல். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் தாளில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

போன ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்ததை வழக்கம்போல ஏலம் விட்டார்கள். உன் சிநேகிதன் அன்புசெல்வன் வீடியோவில் உன்னைக் கூப்பிட்டுப் போனை மைக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு நாட்டுக்கோழி வந்தது. கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற தமிழ்செல்வி நானூறு ரூபாய்க்குக் கேட்டாள். அவள் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள், ஆலயத்துக் கோழியில் ரசம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. வேறு யாரும் அவளுக்கு எதிராகக் கேட்கவில்லை, எல்லோருக்கும் விஷயம் தெரியும். நீதான், இன்னாடா அன்பு, கோழி நானூறா, ஐயாயிரம் போடு என்றாய். அவள் உட்கார்ந்துவிட்டாள். அத்தோடு விட்டாயா, எதிர்ல ஆளே இல்லியா, அப்ப நானே பத்தாயிரம் என்று உன்மேல் நீயே ஏற்றினாய். சபை கை தட்டியது. பாஸ்டர் உன் பேரையும் நீ இருக்கிற ஊரையும் இரண்டு தடவை சொன்னார். தமிழ்செல்வி நானூறையும் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் கேட்டதற்கு, சர்ச்சுக்குத்தானே குடுத்தேன், உனக்கு இன்னா பேஜாரு நைனா என்றாய். சர்ச்சுக்குக் கொடுக்க நினைத்தவன் கவரில் போட்டுப் பேர் எழுதாமல் கொடுத்திருப்பான். நீ கொடுக்கவில்லை, வாங்கினாய். கை தட்டல் வாங்கினாய், அரை நிமிஷம் இருக்கும். உன் பலன் அவ்வளவுதான், முடிந்தது, பரலோகத்தில் உனக்கென்று ஒன்றும் எடுத்து வைத்திருக்கமாட்டார்கள். இருபத்தாறு வருஷம் ரோலிங் மில்லில் நெருப்பில் நின்றவன் நான், ஒரு மழைக்காலம் வெளியே கிடந்தால் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்று தெரியும், இங்கே வாங்குகிற பேரும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகாதவன், முப்பது வயதில் வேதத்தை வைத்துக்கொண்டுதான் எழுத்துக் கூட்டினேன். என்ஜினியரிங் படித்த உனக்கு அதில் ஒரு பக்கம் ஏறவில்லை.

கோழியை நம் வீட்டில் கொண்டுவந்து கட்டினான் அன்புசெல்வன். அன்றைக்கே தமிழ்செல்வி வீட்டுக்குத் தூக்கிப்போனேன். அவள் வாசலிலேயே நின்று, உன் புள்ள பேர்ல போன கோழி எனக்கு வாணாம் நைனா, எடுத்துக்கினு போ என்றாள். என் பிள்ளைக்காகக் கோழியோடு தெருவில் திரும்பி நடந்தேன். அது இப்போது கொல்லையில் நிற்கிறது. இந்த வீட்டில் யாரும் அதைத் தின்னமாட்டோம்.

அம்மாவுக்கு இருபதாம் தேதி டிக்கெட் போட்டிருக்கிறாய். அவளும் பிரசவ லேகியம், பழம்புடவைத் துணி எல்லாம் கட்டி வைத்திருந்தாள். அந்தப் பையை நான் தமிழ்செல்வி மகளுக்குக் கொடுத்துவிட்டேன், பையை வாங்கிக்கொண்டாள். அதில் உன் பேர் இல்லை. அவள் பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது. மூன்று நாளாக உன் அம்மா சாப்பிடவில்லை, பசித்தால் சாப்பிடுவாள். வரும் ஞாயிறு அதே போனில், அதே மைக்கில், சபைக்கு முன்னால் தமிழ்செல்வியிடம் மன்னிப்புக் கேள். கேட்டால் அம்மா விமானம் ஏறுவாள். தமிழ்செல்விக்குப் பணம் அனுப்பி முடித்துவிடலாம் என்று நினைக்காதே. கேட்கமாட்டாய் என்றால், பிள்ளை பிறந்ததும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். அன்புசெல்வனுக்குச் செய், அவன் மைக்கில் சொல்லுவான், எல்லோரும் கை தட்டுவார்கள், நானும் உன் அம்மாவும் கடைசி வரிசையிலிருந்து கேட்டுக்கொள்கிறோம்.

ஆராதனை இங்கே ஒன்பது மணிக்கு, உனக்கு ஆறரை, மறக்காதே. மெர்சிக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம் உண்டு. உனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு.

உன் நைனா,
வரதன்