தங்கத்துக்குப் போடாத ஊசி

அடி அண்ணாமலை
18.11.1986

அன்பு மகன் சகாதேவனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் மனைவி சரோஜாவும் குழந்தை ஆதிலட்சுமியும் சுகமாக இருக்கிறோம். அப்படி எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் பக்கத்து வீட்டு எல்லம்மாளின் மகள் தங்கம் சுகமாக இல்லை.

மூளைக் காய்ச்சலுக்குப் பள்ளிக்கூடத்தில் ஊசி போட வருகிறார்கள் என்று சரோஜா எழுதியதற்கு நீ என்ன பதில் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? நீ வேலை பார்க்கும் பிலாயில் யாரோ ஒருவர் பிள்ளைக்கு ஊசி போட்டுக் கால் விளங்காமல் போய்விட்டதாம், நம் குழந்தைக்கு வேண்டாமாம். நீ கண்ணால் பார்த்தாயா? சரோஜா அதைப் படித்தபோது எல்லம்மாளும் கூட இருந்தாள். ஊசி போட வந்த அன்று தங்கத்தைத் தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

போன மாதம் தங்கத்துக்குக் காய்ச்சல், வாந்தி, தலைவலி. மறுநாள் வலிப்பு வந்து நினைவு தப்பிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து உயிர் பிழைத்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இப்போது பெற்ற தாயை அடையாளம் தெரியவில்லை, வலது கை தூக்க வரவில்லை, கஞ்சியை ஸ்பூனால்தான் ஊட்டுகிறார்கள். பார்க்கப் போன என்னிடம் எல்லம்மாள், "அண்ணன் படிச்சவரு, அவரே வேணாம்னு எழுதனாரேனு நம்பிட்டேன் பெரியப்பா" என்று சொல்லி அழுதாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இதையும் கேள். உன் பேச்சை மீறி, ஆதிலட்சுமியை சைக்கிளில் உட்காரவைத்துப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய் இரண்டு முறையும் ஊசி போட்டது நான்தான். சரோஜாவுக்கும் தெரியும். ஒரு நாள் லேசாகக் காய்ச்சல் அடித்தது, அவ்வளவுதான். வெளியே தெரிந்தால் உனக்கு மரியாதைக் குறைவு என்று வாயை மூடிக்கொண்டேன். எல்லம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் போட்டிருப்பாள். உன்மேல் இருக்கும் கோபத்தைவிட என்மேல் இருக்கும் கோபம் கம்மி இல்லை.

விட்டுப்போன பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் மறுபடி ஊசி போடுகிறார்களாம். நம் தெருவில் இன்னும் நான்கு வீட்டார் உன் பேச்சைச் சொல்லித்தான் மறுக்கிறார்கள். சொன்னது தப்பு என்று உன் கையால் எழுதி உடனே அனுப்பு. வீடு வீடாகப் போய்ப் படிக்கிறேன், நான் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். எல்லம்மாளுக்குத் தனியாக எழுது. சமாதானம் சொல்லாதே, மன்னிப்புக் கேள்.

வேளைக்குச் சாப்பிடு, கொசுவலை கட்டிப் படு. அண்ணாமலையார் உன்னைக் காக்கட்டும்.

கோபம் ஆறாத அப்பா,
முருகையன்