மூன்றாம் எண்

அன்புள்ள அக்கா,

எல்லாரும் தூங்கிய பிறகு பயந்து பயந்து எழுதுகிறேன். அப்பா இருமினாலே பேனா நின்றுவிடுகிறது.

நம் மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்கு இன்டர்நெட் போன் வந்திருக்கிறது. இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து நான்தான் தேர்ந்தெடுத்தேன். அதில் மூன்று இணைப்பு. ஒன்றை அமுக்கினால் கல்லா, இரண்டுக்குப் பட்டறை. மூன்றாவதை யாரிடமும் சொல்லாமல் உனக்கு வைத்தேன்; உன் செல்போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டால் அங்கே மணி அடிக்கும்.

இன்று அப்பா அதைப் போன் திரையில் பார்த்துவிட்டார்.

"இது எங்க அடிக்கும்?"

"அக்கா வீட்லப்பா."

வெகுநேரம் ஸ்குரூடிரைவரால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "அவ கிளம்பிப் போன அன்னைக்கே, அவ நம்பருக்குப் போட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

அம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "மூணை அமுக்கினா அது நம்ம கடை நம்பர்தானே. சத்தியத்துக்கு என்ன கேடு?"

அப்பா சிரிப்பை மென்று விழுங்கினார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மூன்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். உன் போனில் இன்னும் செயலி இல்லையே, எப்படி அடிக்கும்? "மலிவுச் சரக்குன்னா இப்படித்தான்," என்று எனக்குத் திட்டு விழுந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

செயலியின் பெயரும் கடவுச்சொல்லும் பின்பக்கத்தில் இருக்கின்றன. உடனே போட்டுவிடு. மணி அடித்தால் நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. முன்பு கல்லாவில் உட்கார்ந்து சொல்வாயே, "வணக்கம், சொல்லுங்க, என்ன ரிப்பேர்?" அதை மட்டும் கேள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் வாலு,
கடையின் டெலிபோன் மேனேஜர்