எந்த ஓட்டல், பிள்ளே?

ஜனவரி 14, புதன்

நேற்று அப்பாவை அடக்கம் செய்தோம். சர்ச்சில் போதகர் வாசித்த ஜீவிய சரித்திரத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். டீச்சர் இல்லையா, எழுத வராதா! "சுவாமிதாஸ் அவர்கள் ஓட்டல் தொழில் செய்து, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் குறைவின்றிக் காத்தார்." ஓட்டலாம்! கேரள எல்லை தாண்டி, உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் கள்ளுஷாப்பில் முப்பது வருஷம் மீன்கறி வைத்த மனிதர். ஒரு சொட்டுக் கள்ளை நாக்கில் வைத்தவர் இல்லை. அதையாவது எழுதியிருக்கலாமே, லிஜி?

வாசித்தபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

ஷாப்பில் பரிமாறும் பொன்னப்பன் மாமாவும் இன்னும் நாலைந்து பேரும் சர்ச் கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றார்கள். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு நின்றார்கள். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரி 15

அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. கஞ்சியை வைத்துவிட்டுப் போகிறாள்.

ஜனவரி 18, ஞாயிறு

சபைக் கமிட்டியில் பெரிய ஆளான ஞானசிகாமணி துக்கம் கேட்க வந்தார். "சுவாமிதாசு வச்ச சூரை மீன்கறி மாதிரி இனி எங்க கிட்டும்? நான் ஆள விட்டு பார்சல் வாங்குவேனாக்கும்" என்று உச்சுக் கொட்டினார். கமிட்டிக்கு அப்பாவின் பெயரைச் சொன்னபோது, 'கள்ளுஷாப்புக்காரனா?' என்று தடுத்தவர் இதே ஆள்தான்.

அம்மா விடுவாளா? "தின்ன நாக்குக்குப் பாவம் இல்ல, வச்ச கைக்குத்தான் பாவம், இல்லியா?" என்றாள். மனிதர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு என்ன சிரிப்பு? ஓட்டலாம் ஓட்டலு! எந்த ஓட்டல், பிள்ளே? பேரு சொல்லு பாப்பம்."

அந்த ஆளும் நானும் ஒன்றுதான். அவராவது வெளிப்படையாகச் சொன்னார்.

ஜனவரி 20

வேலை முடிந்து வந்தால், கிணற்றடியில் சோப்புத் தேய்த்துக் குளித்த பிறகுதான் அப்பா எங்களைத் தொடுவார். சர்ச்சில் எப்போதும் கடைசி பெஞ்ச். "அங்கயாக்கும் மக்கா நல்ல காத்து" என்பார். நான் முன்னால், பாடகர் குழுவில், ஃபேனுக்கு அடியில். அவர் சொன்னதை நம்பினேனா? இல்லை. நம்புகிற மாதிரி இருப்பது எனக்குச் சௌகரியம் — அவ்வளவுதான். என் பி.எட்., தம்பி நிஜினின் கல்ஃப் விசா, இந்த வீட்டுக் கூரை, எல்லாம் அந்த அடுப்பில் வெந்ததுதானே. சீ!

ஜனவரி 24, சனி

அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்கான ஸ்தோத்திர ஜெபம். பொன்னப்பன் மாமாவை அழைக்க ஷாப்புக்குப் போனேன். இதுதான் முதல் தடவை. முன்வாசல் வழியாகப் போகத் தைரியம் வரவில்லை. பின்பக்கம், அடுக்களை வழியாகப் போனேன். மாமா கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தார்.

அன்றைக்கு ஏன் உள்ளே வரவில்லை என்று அவரிடமே கேட்டேன். என்ன நெஞ்சழுத்தம் எனக்கு! அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணந்தான் மோளே பறஞ்சாரு. ஆஸ்பத்திரியில வச்சு. 'நான் போனா நீங்க ரோட்டுல நின்னாப் போதும், பொன்னப்பா. மோள் டீச்சராக்கும். அவளுக்குக் கொறச்சல் வரப்பிடாது'ன்னு."

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாமே தெரிந்திருக்கிறது. ஐயோ, எனக்க அப்பா... நான் என்ன சென்மம்?

ஜனவரி 31, சனி

ஜெபத்தில் சாட்சி சொல்ல எழுந்தேன். "எங்கள் அப்பா சமையல் வேலை செய்தார்..." அதோடு உட்காரப் போனேன்.

முன் பெஞ்சிலிருந்து அம்மா, "எங்கன்னு சொல்லு, பிள்ளே" என்றாள்.

"கள்ளுஷாப்பில்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா."

மறுபடி சொன்னேன். சர்ச்சு முழுக்கக் கேட்டது. கடைசி பெஞ்சில் பொன்னப்பன் மாமா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையிலேயே வந்து அவர் வைத்த மீன்கறிதான் மதியச் சாப்பாட்டுக்கு. ஞானசிகாமணி இரண்டு தடவை வாங்கினார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பாடகர் குழுவுக்குப் போகவில்லை. கடைசி பெஞ்சில், அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஜன்னல் இல்லை. ஃபேன் எட்டாது. ஆராதனை முடியும்வரை கொஞ்சம்கூடக் காற்று வரவில்லை.