ஏழாம் தட்டில் அப்பா

நாள் 33. 09:10
சுற்றுப்பாதை ஆய்வகம். ஆள் நான் ஒருத்திதான்: ஜெனிதா, பராமரிப்பு. உயிர்வேதியியலை இரண்டாம் வருடம் விட்டு ஓடியவள்.
ஏழாம் வளர்ப்புத் தட்டில் நாகர்கோவில் தேவசகாயத்தின் தோலிலிருந்து வளர்த்த நரம்புச் செல்கள். என் அப்பா. பார்க்கின்சன், நடுக்க நோய். நாற்பதாம் நாள் விண்கலம் வந்து எடுத்துப் போகும், அவர் மூளையில் வைப்பார்கள். அடுத்த வாய்ப்புக்கு இரண்டு வருடம். அவருக்கு அவ்வளவு இல்லை.

நாள் 35. 14:20
செல்கள் சுரக்க வேண்டிய டோபமைன் அளவு குறைவு. அப்பாவின் மூளையில் தீர்ந்துபோனதும் அதுதான். தரையிலிருந்து டாக்டர் ஷமீமா: "குறைஞ்சா குறையட்டும். நீ கை வைக்காத, கேட்டியா?"
அப்பாவின் குரல்பதிவு: "ஜெனி மக்களே, ஏத்தன் வாழக்கா சீவ முடியல. சிப்ஸ் ஒண்ணு பேப்பர் மாதிரி, ஒண்ணு செங்கல் மாதிரி. வாங்குறவன் சிரிக்கான். அந்த ஏழாம் தட்டுக்காரன சீக்கிரம் வரச் சொல்லு."

நாள் 36. 11:05
கை வைத்தேன். குறைகிறதென்றால் ஊற்ற வேண்டியதுதானே, இதற்குப் படிப்பு வேறா? டோபமைனைத் தட்டில் நேராகக் கலந்தேன். அளவு ஏறியது.

நாள் 37. 08:40
தட்டில் பழுப்பு.
16:15
கறுப்பு. பழைய பாடத்தை இப்போதுதான் திறந்தேன். செல்லுக்குள் தன் பைக்குள் இருக்கும்வரை டோபமைன் சாது. வெளியே சிந்தினால் ஆக்சிஜன் பிடித்துக்கொள்கிறது. உருமாறிப் புரதங்களில் ஒட்டுகிறது, செல்லுக்கு ஆற்றல் தருவதைக் கெடுக்கிறது. அப்பாவின் தலைக்குள் வருடக்கணக்கில் நடந்திருக்கக்கூடியதை ஒரே நாளில் நடத்திவிட்டேன்.

நாள் 38. 10:30
ஊட்டத் திரவம் மாற்றினேன். ஆக்சிஜன் குறைத்தேன். உயிரோடு இருப்பவை நூற்றில் நான்கு.
டாக்டர்: "என்ன போட்ட? ஜெனி, என்ன போட்ட?"
பதில் எழுதினேன். அழித்தேன்.

நாள் 39. 13:50
தட்டின் தினப்படம் தானாக வீட்டுக்குப் போகும். நிறுத்த மறந்தேன்.
அப்பா: "படம் பாத்தேன் மக்களே. தோலுரிச்ச ஏத்தங்காய மஞ்சத் தண்ணில போடாம வச்சா இப்பிடித்தான் கறுக்கும். சின்னதுல நீ எத்தன வாழக்கொல கறுக்க விட்டுருக்க, ஏசிருக்கேன். இப்ப ஏசல. டாக்டரம்மா கேட்டா, தானா கெட்டுப்போச்சுன்னு சொல்லு. என்ன?"

நாள் 40. 07:00
கலம் வந்து ஒட்டிவிட்டது. கதவைத் தட்டுகிறார்கள்.
படிப்பவருக்கு: தானாகக் கெடவில்லை. நான் ஊற்றினேன்.
அப்பாவின் பதிவை மறுபடி போட்டேன். பேச்சு முடிந்தும் பதினொரு விநாடி ஓடுகிறது. நிறுத்தும் பொத்தானை அவர் விரல் தேடுகிறது. தொட்டு, நழுவி, தொட்டு,