சட்டைப்பையில் கிடந்த கடையாணி

வயோமிங்
மே 20

அன்புக் கண்ணு மார்னிக்கு,

உன் சித்தப்பா வெர்லின் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி லோரெட்டாவும் இரண்டிரண்டு காலில் நிற்கிறோம், குதிரைகள் பதினொன்றும் நாலு நாலு காலில் நிற்கின்றன, எண்ணிக்கை எதிலும் குறையவில்லை. அங்கே அலாஸ்காவில் நீயும் ஹாட்டிக்குட்டியும் அப்படியே குறைவில்லாமல் நிற்கிறீர்களா என்று எழுது. இதென்ன சித்தப்பா காலை எண்ணிக்கொண்டு ஆரம்பிக்கிறார் என்று சிரிக்காதே, எண்ணவேண்டிய நிலைமை வந்துவிட்டது, சொல்கிறேன். உன் கடிதம் போன சனிக்கிழமை கிடைத்தது. நீயும் எங்களைப்போலவே புத்தம்புது கனரக டீசல் பிக்கப் வாங்கிவிட்டாய், ஜூன் பத்தாம் தேதி உன் குதிரைகள் இரண்டையும் ட்ரெய்லரில் ஏற்றிப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஐந்து வயது ஹாட்டியைப் பின்சீட்டில் கட்டி உட்காரவைத்து, கிட்டத்தட்ட மூவாயிரம் மைல் ஓட்டி வீட்டுக்கே வந்துவிடப் போகிறாய் என்று படித்ததும் நான் மகிழ்ச்சியில் குதித்த குதிப்பில் கூரை இரண்டு இடத்தில் பெயர்ந்துவிட்டது. ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய், ட்ரெய்லர் விற்கிற ஆளே எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிடுவான், நீ ஏறி உட்கார வேண்டியதுதான் என்று. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு ரொட்டி இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது நாலாவது. நான் சொல்வது எதையும் பத்தால் வகுத்துத்தான் கேட்க வேண்டும் என்பது, நாலு வயதில் உன்னை இந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து நம் குடும்பச் சட்டம். நான் பிடித்த பத்தடி மீன் ஓரடி, என்னைத் துரத்திய முப்பது கரடி மூன்று, அந்த மூன்றிலும் இரண்டு நாய். இந்தக் கடிதத்தையும் அப்படியே படி, ஆனால் நான் சொல்லுமிடத்தில் வகுப்பதை நிறுத்திவிடு.

முதலில் நம் வண்டியைப் பற்றி. மார்ச்சில் வந்ததிலிருந்து நான் வேறு பேச்சே பேசுவதில்லை என்று உன் சித்தி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள், அது உண்மைதான். வெள்ளை நிறம், ஆறு சக்கரம், முகப்பு என் மோவாய் உயரம், அதன் முன்னால் நான் நின்றால் ஓட்டுகிறவருக்குத் தெரியமாட்டேன், ஒரு பசு நின்றாலும் தெரியாது, ஒரு சிறிய தேவாலயம் நின்றாலும் தெரியாது. காலையில் அதைக் கிளப்பினால் அடுத்த மாவட்டத்தில் கோழிகள் முட்டையிடுகின்றன. அழுத்தினால் வண்டி முன்னால் போவதில்லை, பூமி பின்னால் போகிறது. இவ்வளவு பெருமைக்கும் அடியில் ஒரு பயம் முதல் நாளே எனக்குள் வந்து உட்கார்ந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வண்டிக்குப் பின்னால் இருப்பது எதுவுமே தெரிவதில்லை, மார்னி. நம் பழைய வண்டியை நினைத்துப் பார், இரண்டு கன்றுக்குட்டி ஏற்றினாலே முனகும், மேட்டில் இளைக்கும், இறக்கத்தில் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும், பின்னால் என்ன நடக்கிறது என்பதை உன் இடுப்பெலும்பே சொல்லிவிடும். இந்தப் புது ராட்சசனோ பதினாலாயிரம் பவுண்டு தொங்குவதே தெரியாமல் விசிலடித்துக்கொண்டு மலை ஏறுகிறது, இறக்கத்தில் எஞ்சினே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, நீ காலைத் தூக்கிவைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கலாம். பலம் அதிகமான வேலைக்காரன் புகார் சொல்லமாட்டான், பின்னால் ஏதாவது கழன்றாலும் அவன் வாய் திறக்கமாட்டான்.

நம் பக்கத்து எழுதாத சட்டம் இரண்டும் உனக்குத் தெரியும். ட்ரெய்லர் மாட்டிக்கொண்டிருக்கிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, வீடே தீப்பிடித்தாலும் ஓரமாக நின்று அவர் முடித்த பிறகுதான் சொல்ல வேண்டும். ஓட்டப் போகிறவர் தன் கையால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்காமல் ஏறக் கூடாது. போன செவ்வாய்க்கிழமை காலை நான் இரண்டையும் ஒன்றாக உடைத்தேன். கோடைக்கு ஆறு குதிரைகளை ஆண்ட்லர் கணவாய்க்கு அந்தப் பக்கம், வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிக் குதிரை ஏறுகிற விருந்தாளிப் பண்ணைக்கு அனுப்புவது வழக்கமல்லவா, அதில் உன் கிழட்டுக் குதிரை பிஸ்கட்டும் உண்டு. சித்தி ஓட்டுவதாக ஏற்பாடு. அவள் குதிரைகளைப் பிடிக்கப் போனாள், நான் ட்ரெய்லரை மாட்டினேன். உன் புது ட்ரெய்லரும் இதே மாதிரிதான் என்று எழுதியிருக்கிறாய், அதனால் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பயந்தவன் அப்படித்தான் பேசுவான். ட்ரெய்லரின் கழுத்து வளைந்து வந்து வண்டியின் பின்தொட்டி நடுவில் இருக்கிற இரும்புக் குண்டின்மேல் தொப்பிபோல உட்கார்கிறது. குண்டின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு தகடு மூடுகிறது. அந்தத் தகடு திறக்காமலிருக்க விரல் நீளத்தில் ஒரு கடையாணி. அவ்வளவுதான், அந்தப் பெரிய மலை முழுக்க அந்த ஒரு விரலில்தான் நிற்கிறது. தகட்டை மூடினேன், கடையாணியைக் கையில் எடுத்தேன், அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணை டெல்மர் வந்து தொட்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஏன்யா வெர்லின், இது நிஜமாவே நீ சொல்ற மாதிரி இழுக்குமா, இல்ல வழக்கம்போலவா?" என்றான். அந்த வழக்கம்போலவா என்ற ஒரு சொல்லில் நான் விழுந்தேன். கடையாணியைப் பள்ளிக்கூட வாத்தியார் குச்சிபோல ஆட்டி ஆட்டி, இது இது, அது அது என்று காட்டி, அரை மணி நேரம் முழங்கினேன். உன் சித்தி ஆறு குதிரைகளையும் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாம் மாட்டியாச்சா என்று கேட்டாள். பேச்சு அறுந்துவிடுமே என்ற அவசரத்தில் நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன், "எல்லாம் ஆச்சு மகாராணி, நீ ஏறி உக்காரு." டெல்மரின் பெரிய உடம்பு தொட்டியை மறைத்துக்கொண்டிருந்தது, அவளும் எட்டிப் பார்க்கவில்லை. ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு இழு இழுத்துப் பார்த்தாள், கெட்டியாக நின்றது, கிளம்பிவிட்டாள். மார்னி, இதை மனதில் குறித்துக்கொள், கடையாணி இல்லாவிட்டாலும் இழுத்தால் கெட்டியாகத்தான் நிற்கும். இழுத்தால் கழலாது. குதித்தால்தான் கழலும்.

இங்கிருந்து வகுப்பதை நிறுத்து.

அடுப்படியில் டெல்மருக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பல்குச்சி எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டேன். குளிர்ந்த இரும்பு கையில் பட்டது. வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். கடிகாரம் பார்த்தேன், அவள் போய்ப் பதினெட்டு நிமிஷம். கணவாய்ப் பக்கம் போனில் சிக்னல் என்பது வெறும் வதந்தி, ஆனாலும் ஐந்து முறை அடித்தேன். கணவாய் உச்சியைத் தாண்டி எட்டு மைல் இறக்கம், அதில் மூன்றாவது வளைவு முடியுமிடத்தில், மாடுகள் தாண்டாமலிருக்கச் சாலைக்குக் குறுக்கே இரும்புக் குழாய்கள் பதித்திருக்கிறார்களே, அதில் எந்த வண்டி ஏறினாலும் பல் ஆடுகிற குதி குதிக்கும். வலது பக்கம் பள்ளம். அந்தக் குழாய்களைத்தான் நான் நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. தகடு திறந்துகொண்டாலும் ட்ரெய்லரைப் பிடித்துக்கொள்கிற காப்புச் சங்கிலிகள் இரண்டையாவது மாட்டினேனா என்று எண்ணிப் பார்த்தேன், எவ்வளவு யோசித்தும் என் வாய் பேசியதுதான் ஞாபகம் வந்தது, கை என்ன செய்தது என்பது வரவில்லை.

பழைய வண்டியில் ஏறினோம். நான் கடந்த இரண்டு மாதமாக ஊருக்கெல்லாம் பெருமை பேசிய அந்தப் பலமே அன்றைக்கு என் கழுத்தைப் பிடித்தது. அவள் குதிரைகளோடு அறுபத்தைந்தில் ஏறிப் போயிருப்பாள், நான் வெறும் வண்டியில் முப்பத்தைந்துக்கு மேல் ஏற்ற முடியவில்லை, சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது, எஞ்சின் சூட்டை இறக்க ஹீட்டரைத் திறந்துவிட்டுக்கொண்டு வேர்த்து ஊற்ற ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் ஓரத் தடுப்பு முழுசாக இருக்கிறதா, எங்காவது பிய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். பாதி மலையில் டெல்மர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான், "நீ ஆட்டிட்டு இருந்தப்பவே பாத்தேன் வெர்லின். ஏதோ சாவின்னு நெனச்சேன்."

உச்சியில் சாலை வேலை. நிறுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சு அங்கிப் பெண்ணொருத்தி நின்றாள், என்னைப் பார்த்துப் பெரியவரே என்றாள், வேறு நாளாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன். வெள்ளை வண்டி, குதிரை ட்ரெய்லர் என்று கேட்டேன். வழிகாட்டி வண்டிக்குப் பின்னால் வரிசையில் கடைசியாகப் போனது, கால் மணி நேரம் ஆகிறது, வரிசையே நடை வேகத்தில்தான் போகும் என்றாள். கடையாணியைக் காட்டினேன். அவளும் குதிரை வளர்க்கிற வீட்டுப் பெண்தான்போல, விளக்கம் கேட்கவில்லை, சூயிங்கத்தைத் துப்பிவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தாள். கீழ்முனையில் நிற்கிற ஆளிடம் அந்த வண்டியை நிறுத்தச் சொன்னாள். இரைச்சலுக்கு நடுவில் அவன் பதில் வந்தது, நான் சாகும்வரை அது காதில் இருக்கும். "நீ எட்டு வண்டி விட்டேன்ன. இங்க ஏழுதான் வந்துச்சு."

அந்தப் பெண் பலகையைத் திருப்பிவிட்டாள், சட்டத்துக்கு விரோதம்தான், மெதுவாப் போங்க என்று மட்டும் சொன்னாள். முதல் வளைவு. ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவு. ஒன்றுமில்லை. நான் உன் சித்தியோடு இருபத்தாறு வருஷம் பேசிய பேச்சில் ஒரு வாக்கியமாவது ஞாபகத்துக்கு வரட்டும் என்று தேடினேன், மகாராணி ஏறி உக்காரு என்பதுதான் வந்தது. மூன்றாவது வளைவு திரும்பினால், சாலை அகலமாக இருக்கிற இடத்தில், ஓரத் தடுப்பில் ஆறு குதிரைகள் வரிசையாகக் கட்டியிருந்தன. கடைசியில் பிஸ்கட், வழக்கம்போல ஒரு காலை மடக்கிக்கொண்டு தூங்கியது. ட்ரெய்லர் வண்டியின்மேல் நேராக இருந்தது. இரும்புக் குழாய்கள் அங்கிருந்து இருநூறு அடி.

சித்தி பின்தொட்டியில் உட்கார்ந்திருந்தாள். தகடு விரல் நுழைகிற அளவுக்கு ஏற்கெனவே விலகியிருந்ததாம், மறுபடி தள்ளி மூடி, ஓட்டையில் ஒரு திருப்புளியைச் செருகிக் கம்பியால் சுற்றியிருந்தாள். சங்கிலி ஒன்று மாட்டியிருந்தது, ஒன்று தொங்கியது. கட்டி முடித்த பிறகு அவளால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லையாம். நான் கடையாணியை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. எப்படித் தெரிந்தது, சத்தம் கேட்டதா, வண்டி ஏதாவது காட்டியதா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள், "ஒண்ணுமே காட்டல. மெதுவா உருட்டிட்டு வந்தேன், யோசிக்க நேரம் கிடைச்சுது. 'எல்லாம் ஆச்சு'ன்னு யார் சொன்னான்னு யோசிச்சேன். நீ சொன்னது. உடனே ஓரங்கட்டிட்டேன்."

என் வாழ்நாளில் நான் கேட்ட மிகப் பெரிய வசவு அதுதான், கண்ணு, அதுதான் அவள் உயிரைக் காத்தது. நான் நல்ல பேர் எடுத்த யோக்கியனாக இருந்திருந்தால் அவள் நிற்காமல் போயிருப்பாள். அதனால்தான் உன் வரியைப் பார்த்து எனக்கு இப்படி நடுங்குகிறது. உனக்கு மாட்டிக் கொடுக்கப் போகிற ஆள் என்னைப்போலப் பொய்யனாக இருந்தால் பரவாயில்லை, நீ சந்தேகப்படுவாய். அவன் நல்லவனாக, கெட்டிக்காரனாக, பொறுப்பானவனாக இருந்துவிட்டால் என்ன செய்வாய்? எவ்வளவு நல்லவனுக்கும் பக்கத்தில் ஒரு டெல்மர் வந்து முழங்கை ஊன்றத்தான் செய்வான். அதனால் அவன் மாட்டட்டும், நன்றி சொல், அவன் போனபிறகு நீ தொட்டியில் ஏறித் தகட்டைத் தொடு, ஆணியைத் தொடு, சங்கிலி இரண்டையும் தொடு. டீசல் போட நிறுத்துமிடமெல்லாம் மறுபடி தொடு, மழையானாலும் கொசுவானாலும், ஹாட்டி அழுதாலும். அந்த நேரத்தில் யாராவது பேசினால் பதில் சொல்லாதே, மரியாதை கெட்டுப் போகட்டும். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு வரியாவது போன் செய்து சொல், இல்லையென்றால் இங்கே ஒருவன் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருப்பான்.

இந்த உறையில் கனமாக இருப்பது அந்தக் கடையாணிதான். நம் ட்ரெய்லருக்குப் புதிதாக ஒன்று போட்டுவிட்டோம், இதை உன் சித்தி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. உன் வண்டியில் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கவிடு. மலையும் பாலமும் உனக்கு வழிவிடட்டும், எட்டு வண்டி கிளம்பினால் எட்டும் வந்து சேரட்டும், உன்னையும் குழந்தையையும் அந்த வாசலில் நாலு காலாக எண்ணுகிற நாளை ஆண்டவர் எனக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
பத்தில் ஒரு பங்கு நம்பத்தக்க உன் சித்தப்பா,
வெர்லின்

மார்னி, இவர் உறையை ஒட்டுமுன் வாங்கிப் படித்துப் பார்த்தேன். வண்டியின் முகப்பு இவர் மோவாய் உயரம் இல்லை, நெஞ்சு உயரம். கூரை பெயரவில்லை. வகுக்க வேண்டாம் என்ற இடத்துக்குப் பிறகு உள்ளது எல்லாம் நடந்தது நடந்தபடி. உறைக்குள் கடையாணி இருக்கிறதா என்பதையும் நானே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினேன்.
சித்தி