நாற்றம் போன பிறகு

மாமா, இதனால் உனக்குப் பணிவுடன் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு முட்டை ஒன்று இன்று காலை அழுகிய நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அம்மா அதை உடைத்ததும் சமையலறையே நாறியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போனவன் பாதியில் நின்றுவிட்டேன். அது உன் வாடை.

தோல் பதனிடும் டேனரியில் வேலை முடிந்து நீ தெருமுனை திரும்பும்போதே, "மாமா வர்றாரு, ஜன்னலைச் சாத்து!" என்று கத்துவேன். நீ துரத்தி வந்து என் தலையை அக்குளில் இடுக்கிக்கொள்வாய்.

"நல்லா மோந்துக்கோடா தோஸ்த். எனக்கு ஒண்ணும் தெரில. என் மூக்கு எப்பவோ ரிட்டயர்டு."

"பென்ஷன் உண்டா மாமா?"

சுண்ணாம்பும் ரசாயனமும் தின்று உன் விரல்கள் வெடித்திருக்கும். அம்மா எண்ணெய் தடவும்போது, "மாட்டுத் தோலைத் தேய்க்கப் போய் உன் தோல் மாட்டிக்கிச்சு" என்பேன். அம்மா முறைப்பாள். தம்பி கையல்லவா? நீதான் முதலில் சிரிப்பாய்.

கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்ட அன்று நடந்ததை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் கூட்டாளி பாஷா பாய் சொன்னார். "மூடியைத் திறந்தா முட்டை நாத்தம், குடலைப் புரட்டிச்சு பா. காத்தாடட்டும்னு அங்கியே நின்னோம். கொஞ்ச நேரத்துல நாத்தமே இல்ல. 'போய்டுச்சு பாய், நான் இறங்குறேன்'னான். ஏணியில பாதி கூடப் போவல. கையை வுட்டுட்டான்."

பக்கத்தில் நின்ற டாக்டரம்மாதான் விளக்கினார். வாயு போகவில்லையாம். அது கூடினால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்குமாம். நாற்றம் தெரிந்தவரை நீ பிழைக்க வழி இருந்தது. தெரியாமல் போன பிறகுதான் இறங்கியிருக்கிறாய். வீட்டுக்கு ஒருவர் டேனரிக்குப் போகும் தெரு நம்முடையது. இது ஒருவருக்கும் தெரியாதா மாமா?

அப்பாவும் டேனரிக்காரர்தான். அவரிடம் சொன்னேன். "எனக்கே பாடமாடா?" என்றார்.

போன வாரம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அதே டேனரி, அதே தொட்டி. மூடி திறந்து கிடந்தது. பக்கத்தில் அப்பா பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டிருந்தார். கயிறு இல்லை. முகத்தில் ஈரத்துண்டு மட்டும்.

"இன்னாடா அப்படிப் பாக்குற? காலைலயே திறந்து வெச்சுட்டாங்க. இப்ப நாத்தமே இல்ல."

உன் வார்த்தை, அப்பாவின் வாயில்.

அதற்குப் பிறகு நடந்ததாக நான் தெருவெல்லாம் சொல்லும் கதை இது. நேராக சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். "நாத்தம் இல்லன்னா நீங்க முதல்ல இறங்குங்க சார்" என்றேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மொத்த டேனரியும் கை தட்டியது. உன் மருமகன் எப்படி!

உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது மாமா? யாரும் கை தட்டவில்லை. நான் வாயையே திறக்கவில்லை. கேரியரைப் போட்டுவிட்டு, அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பால்வாடிக் குழந்தை மாதிரி ஓவென்று அழுதேன். மீசை வேறு முளைத்திருக்கிறது எனக்கு.

"வுட்றா, மானம் போவுது" என்றார். விடவில்லை. கடைசியில் மடித்த பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டே கேட்டுக்கு வெளியே வந்துவிட்டார்.

இப்போதும் காலையில் அவர் கிளம்பும்போது என் கை தானாகப் போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்கிறது.

"இறங்க மாட்டேன், போதுமா? கசங்குதுடா" என்கிறார்.